பூவன் பழத்தில் குங்குமம்

சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து. பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலில் ஒரு சொட்டை அம்மா கட்டைவிரல் நகத்தில் விட்டு, அது ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுப்பில் ஏற்றுவாள். குரோம்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்த அப்பா, பூட்டிய பூட்டில் தொங்கிப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போவார்; பிறகு திரும்பி வந்து மறுபடியும் தொங்குவார். இந்த இருவருக்கும் பிறந்தவள் வேறு எப்படி இருப்பேன்? என் டிபன் டப்பாவை யாராவது திறக்கிறார்களா என்று கண்டுபிடிக்க, மூடிக்கு அடியில் ஒரு தலைமுடியை வைத்து மூடுவேன். அந்த முடி பெரும்பாலும் எனக்கே சாம்பார் சாதத்துக்குள் கிடைக்கும்.

உங்களுக்கு இதெல்லாம் தெரியாததல்ல. நாற்பது வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறது நமக்கு. மருந்துப் பெட்டியில் எழுதியிருப்பதைக் கையை நீட்டிப் பிடித்துத்தான் படிக்கிறோம். போன வாரம் நம்மில் ஒருத்தி, வாழைப்பழத்தைத் தோலோடு கீறி நடுவில் சாக்லேட்டை அடைத்துச் சுடும் படமொன்றை நம் குழுவுக்கு அனுப்பி, "கைடு கேம்ப்ல எல்லாரும் சாப்ட்டீங்களே, ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டிருந்தாள். ஆளாளுக்கு ஆமாம் ஆமாம் என்றீர்கள். ஒருத்தி, சாக்லேட் உருகிக் கையில் வழிந்ததுகூட நினைவிருப்பதாகச் சொன்னாள். அன்றைக்குச் சாக்லேட்டே கிடையாது. அதனால் உங்கள் ஞாபகத்தின்மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. படம் அனுப்பியவளையே கூப்பிட்டு, நடந்ததை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதிக்கோ, எங்க மாமாவுக்கு இப்போ கண்ணாடி போட்டாலும் தெரியாது" என்று சிரித்தாள். ஆகவே எழுதுகிறேன்.

நாம் எட்டாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வும் ஆயுத பூஜையும் முடிந்து, மழை இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்த அக்டோபர் மாதம். செல்போன் வைத்திருந்த அப்பாக்கள் அது வெளியே தெரியும்படி சட்டைப் பையில் வைத்துக்கொண்ட காலம். சாரணியர் படையான கைடில் நமக்கு நீலச் சீருடை, இடுப்பில் பெல்ட், கழுத்தில் மடித்துக் கட்டிய துணி, வெள்ளைக் கயிற்றில் ஒரு விசில், முடிச்சுப் போட்டுப் பழக ஒரு முழக் கயிறு. அந்த விசிலை வைத்துக்கொண்டு என்ன அதிகாரம் செய்தோம்! என்னுடையது வீடு மாறும்போது தொலைந்துபோயிற்று. எடுத்தது யார் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. சொல்ல மாட்டேன்.

கைடு மிஸ் நமக்கு வரலாறும் எடுத்தார். மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட காட்டன் புடவை, கைப்பையில் எப்போதும் ஒரு சின்ன பைபிள். மிஸ் போய்வந்த சபையில் சாமிக்குப் படைத்ததைச் சாப்பிட மாட்டார்கள். தீபாவளிக்கு நாம் அதிரசம் கொண்டுபோனால், "பூஜைக்கு முன்னாடி எடுத்ததாம்மா, பின்னாடி எடுத்ததா?" என்று நம் மனம் நோகாமல் கேட்பார். முன்னாடி என்றால் அங்கேயே பிட்டு வாயில் போட்டுக்கொள்வார். பின்னாடி என்றால், "வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்பார். வீட்டுக்கு எடுத்துப் போய் என்ன செய்தார் என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

அந்த வருடம் மிஸ் கையில் ஒரு வெளிநாட்டு கைடு புத்தகம் கிடைத்தது. அதில் கேம்ப் ஃபயரில் செய்யும் இனிப்பு ஒன்று இருந்தது. வாழைப்பழத்தை உரிக்காமல் நீளவாக்கில் கீறி, உள்ளே சாக்லேட்டும் மார்ஷ்மெல்லோவும் அடைத்து, அலுமினியத் தாளில் சுற்றித் தணலில் புதைக்க வேண்டும். மார்ஷ்மெல்லோ என்றால் என்ன மிஸ் என்று கேட்டோம். "அது ஒரு மாதிரி ஸ்பாஞ்ச் மிட்டாய்மா. இங்க கிடைக்காது. வாயில போட்டா கரையற மாதிரி ஏதாவது போட்டுக்கலாம்" என்றார். ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் தாம்பரத்தில் வாயில் போட்டால் கரைவது ஒன்றுதானே! பொரி கொண்டுவருகிறேன் என்று நான் கையைத் தூக்கினேன். சாக்லேட்டுக்குப் பதில் தேங்காய்த் துருவலும் நாட்டுச் சர்க்கரையும் நம் அணித்தலைவியான பேட்ரோல் லீடர் பொறுப்பு. அலுமினியத் தாள் மிஸ்ஸுடையது. பழம் யார் என்று மிஸ் கேட்கும் முன்பே எல்லோரும் ஒருத்தியைத் திரும்பிப் பார்த்தோம்.

அவள் வாழைப்பழ மண்டிக்காரர் மகள். தாம்பரம் மார்க்கெட்டில் அவளுடைய அத்தாவின் மண்டியைத் தாண்டிப் போனாலே மூக்கு இனிக்கும். பேச்சு குறைவு, கண் அதிகம் அவளுக்கு. மிஸ் அதிரசத்துக்குக் கேட்கிற கேள்வி அவள் வீட்டிலும் உண்டு. ஆனால் அவள் வாய் திறந்து கேட்க மாட்டாள். நீட்டுகிறவள் நெற்றியையும் டப்பாவையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, எடுப்பாள் அல்லது "வயிறு ஃபுல்லுடி" என்பாள்.

வெள்ளிக்கிழமை மதியம் போய்ச் சனிக்கிழமை மாலை திரும்புவதாக ஏற்பாடு. இடம் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பு. தாம்பரம் ஸ்டேஷன் நடைமேடையில் நாம் பெட்டி படுக்கையோடு நின்றபோது, மண்டிக்காரர் தம் மகளோடு வந்தார். கூடவே அவளுடைய மாமா, அம்மாவின் தம்பி. அனகாபுத்தூரில் கைலி வியாபாரம் செய்தவர். ஜும்மா தொழுகை முடித்து நேராக வந்திருந்தார், வெள்ளைத் தொப்பியும் அத்தர் வாசனையுமாக. நம்மைப் பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இவர் என் ஜாதி, சந்தேகப்படுகிறவர்.

மிஸ் சிரித்துக்கொண்டே வந்து மண்டிக்காரர் மகளின் கையைக் குலுக்கினார். கைடு வழக்கப்படி இடது கையால். இடது கைதான் இதயத்துக்குப் பக்கம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மாமாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

"இன்னாது இது, நொட்டாங்கைய குடுக்குறாங்க?" என்றார் மாமா, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு.

"கைடுன்னா அப்டித்தானாம் மச்சான். அது அவங்க ஸ்டைலு" என்றார் மண்டிக்காரர்.

"ஸ்டைலாம் ஸ்டைலு. எனுக்கு இன்னாவோ சரியாப் படல."

ரயில் வண்டலூரைத் தாண்டியதும் அவள் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். வயசுக்கு வந்த பெண்ணை வெளியில் தங்க விடக்கூடாது என்று மாமா வீட்டில் ஒரு வாரம் சண்டை போட்டிருக்கிறார். இந்தப் பள்ளிக்கூடமே வேண்டாம், எங்கள் பக்கம் கொண்டுவந்து சேர்க்கிறேன் என்றிருக்கிறார். அத்தா விட்டுக்கொடுக்கவில்லை. அவர்கள் நல்லவர்கள், நம் பிள்ளையைத் தங்கள் பிள்ளையாகப் பார்க்கிறார்கள், கேம்புக்குப் பழம்கூட நம் கடைப் பழம்தான் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

"அதுக்கு மாமா இன்னா சொன்னாரு தெரியுமா? 'நம்ம பழத்த கையில வாங்குவாங்க, வாயில வெக்க மாட்டாங்க. நீ வேணா பாரு'ன்னு சொன்னாரு. நாளிக்கு அவரும் கேம்ப் ஃபயருக்கு வர்றாரு. மிஸ் சாப்பிட்டா நான் இங்கியே படிப்பேன். பழம் திரும்பி வந்துச்சுன்னா கைடும் இல்ல, ஸ்கூலும் இல்ல. அத்தா ஒத்துக்கினாரு" என்றாள்.

"மிஸ் ஏன் சாப்பிட மாட்டாங்க? சும்மாக் கெடைக்கிற பழம்தானே" என்றேன் நான். எனக்கு அப்போது அவ்வளவுதான் தோன்றியது.

மாந்தோப்பில் எனக்குச் சந்தேகப்பட நிறைய இருந்தது. கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் இரும்பு வாடை அடித்தது. தோட்டக்காரரின் நாய் எதிரே வந்தவரையெல்லாம் விட்டுவிட்டு என்னை மட்டும் முகர்ந்தது. சாம்பாரில் மிதந்தது கறிவேப்பிலைதானா என்று எனாமல் தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். தோப்புக்கு அந்தப் பக்கம் ரயில் போகும்போதெல்லாம் கூடாரத்துணி அதிர்ந்தது. சிங்கப்பெருமாளின் குகைக்கோவில் பக்கமிருந்து காற்று வாக்கில் மணிச்சத்தம் வந்தது. அந்த மணிச்சத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சனிக்கிழமை காலை மண்டிக்காரர் மொபெட்டில் வந்து இறங்கினார். நைலான் வலைப்பைகளில் பூவன் பழம், சீப்பு சீப்பாக. ஹேண்டிலில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். தலையும் சட்டையும் நனைந்திருந்தன.

"காட்டாங்கொளத்தூராண்ட சடசடன்னு புடிச்சிகிச்சு டீச்சர். பழத்துக்கு ஒண்ணும் ஆவல. நேத்துதான் கனிஞ்சுது. பசங்க நல்லா சாப்புடட்டும்" என்றார். மகளைத் தேடிப் பார்த்து, "இன்னாம்மா, தூங்கினியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவள் தலையாட்டினாள். அதற்கே அவர் முகம் மலர்ந்துபோயிற்று.

எனக்கு ஒன்று இடித்தது. தோப்பில் நிறுத்த அவ்வளவு இடம் இருக்க, மனிதர் மொபெட்டைக் கொண்டுபோய்ச் சுவரைப் பார்த்து, விளக்கு சுவரில் இடிக்கிற மாதிரி நிறுத்தியிருந்தார். எவராவது வண்டியை அப்படி நிறுத்துவார்களா? லைசென்ஸ் இல்லாத வண்டி என்று முடிவு கட்டினேன்.

அவர் போனதும் மிஸ் வலைப்பையை அவிழ்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். மேல் சீப்பை எடுத்தவர் கை அப்படியே நின்றது. மஞ்சள் தோலின்மேல் சிவப்பாக ஒரு தீற்றல். மழையில் கரைந்து ஒழுகிய குங்குமம், ஓரத்தில் சந்தனம். அடுத்த சீப்பிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். மிஸ் பழத்தை முகர்ந்து பார்த்தார். கோவில் பக்கமாகத் திரும்பிப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டிருந்தது. பூவன் பழம், குங்குமம், சந்தனம், வருகிற வழியில் கோவில். அவர் போட்ட கணக்கு இன்றைக்கு எனக்குப் புரிகிறது. கோவிலில் படைத்த பழம் மலிவாகத் திரும்ப மார்க்கெட்டுக்கு வந்திருக்கிறது, இவர் பார்க்காமல் கொண்டுவந்துவிட்டார் என்று நினைத்துவிட்டார்.

ஆனால் வாயால் அதைச் சொல்வாரா? எல்லா மதமும் ஒன்று என்று கை தூக்கி உறுதிமொழி எடுக்கவைக்கிறவர் அவர். வலைப்பையை மூடிவிட்டு விசில் அடித்தார்.

"கேர்ள்ஸ், பழம் ரொம்பக் கனிஞ்சு போச்சும்மா. வயித்துக்கு ஒத்துக்காது. சாயந்திரம் நாம சக்கரவள்ளிக் கிழங்கு சுட்டுக்கலாம், ஓகே?"

நம்மில் பாதிப்பேர் ஓகே என்று கத்தினோம். மண்டிக்காரர் மகள் கத்தவில்லை. மண்டிக்காரர் வீட்டுப் பிள்ளையிடம் உன் அப்பா கொண்டுவந்த பழம் கெட்டுவிட்டது என்றால் எப்படியிருக்கும்? அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அவள் நேராகப் பையிடம் போய், குங்குமம் பட்ட இடத்தைப் பார்த்தாள். பிறகு மிஸ்ஸைப் பார்த்தாள். பிறகு பாத்திரம் கழுவப் போய்விட்டாள். கேட்காத கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று அவள் தவித்திருக்கிறாள். எனக்கு அன்று அது விளங்கவில்லை.

எனக்கு விளங்கியதெல்லாம் ஒன்றுதான்: பழம் கெடவில்லை. முகர்ந்து பார்த்தேன், அமுக்கிப் பார்த்தேன், அருமையான பழம். அப்படியானால் மிஸ் ஏன் பொய் சொல்கிறார்? வீட்டுக்குக் கொண்டுபோகத்தான்! அதிரசம் போன வழியில் இதுவும் போகிறது. கையும் களவுமாகப் பிடிப்பது என்று பகல் முழுக்க மிஸ் பின்னாலேயே அலைந்தேன். சமையல் கொட்டகை மூலையில் பையை வைத்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தனியாக அங்கே போனார். நான் கூடாரத் துணிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். மிஸ் பையின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது. எத்தனை பழம் தேறும் என்று எண்ணுகிறார் என்று நினைத்தேன்.

பாவம், ஜெபம் செய்துகொண்டிருந்தார். பொய் சொன்னதற்கா, சாப்பிடுவதா வேண்டாமா என்றா? தெரியாது. பெரியவர்கள் கண்ணை மூடி நின்றால் கணக்குத்தான் போடுகிறார்கள் என்று நம்புகிற வீட்டிலிருந்து வந்தவள் நான்.

மாலை வெயில் மரத்தடியில் நீளும்போது பெற்றோர்கள் வர ஆரம்பித்தார்கள். என் வீட்டில் யாரும் வரவில்லை. பட்டறையைப் பூட்டிவிட்டு அவ்வளவு தூரம் வர அப்பாவுக்கு மனம் வராது. கல்லடுக்கி விறகு மூட்டி, தணல் சிவந்து கிடந்தது. பக்கத்தில் கூடையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. மண்டிக்காரர் மறுபடியும் வந்து, மறுபடியும் சுவரைப் பார்த்து மொபெட்டை நிறுத்தினார். மாமா ரயிலில் வந்து, வரப்பில் செருப்பு சேறாகாமல் பார்த்துப் பார்த்து நடந்து வந்தார். உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்காரவில்லை. நெருப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கிழங்குக் கூடையைப் பார்த்தார்.

"நம்ம பழம் எங்க டீச்சர்? காணோமே?" என்றார்.

எல்லோருக்கும் கேட்கும்படிதான் கேட்டார். மண்டிக்காரர் சட்டென்று மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் கொட்டகைப் பக்கம் பார்த்தார். மாமா தம் மச்சானைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார், நான் சொல்லவில்லையா என்கிற மாதிரி. மண்டிக்காரர் தலை குனிந்துகொண்டார். மண்டிக்காரர் மகள் இனிமேல் நம் வகுப்பில் இருக்க மாட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இப்பத்தான் மாமா ரொப்பப் போறோம்!" என்று ஒரு குரல். அவள்தான். "சீக்கிரம் சுட்டா ஆறிப்பூடும்னு மிஸ் வெயிட் பண்ணச் சொன்னாங்க."

சொல்லிக்கொண்டே கொட்டகைக்கு ஓடினாள். மிஸ் அவளைத் தடுக்கவில்லை. அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நானும் பேட்ரோல் லீடரும் பின்னாலேயே ஓடினோம். அவள் ஈரத்துணியால் ஒவ்வொரு பழத்தையும் துடைத்துக்கொண்டிருந்தாள். "நீ கீறு, நீ தாள கிழி, அடைக்கிறது நான்" என்றாள். எப்போதும் பேசாதவள் அப்படி அதிகாரம் செய்ததும் லீடருக்கே ஆச்சரியம். நான் என் ஹார்லிக்ஸ் பாட்டிலை நீட்டினேன். முதல் நாள் அம்மா நிரப்பிக் கொடுத்த பொரி. அவள் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். ஒரு கணம் நின்றாள். பிறகு உள்ளேயிருந்து எதையோ கிள்ளி எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, வேகவேகமாக அடைக்க ஆரம்பித்தாள்.

என்னடா எடுத்தாள்? முந்திரியா? அம்மா பொரியில் முந்திரி போடுகிறவள் அல்லவே! அதோடு இன்னொன்றும் கவனித்தேன். நீங்கள் யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள். அலுமினியத் தாளைச் சுற்றும்போது பெரும்பாலான பொட்டலத்துக்கு மிட்டாய்க் காகிதம் மாதிரி இரண்டு முனையையும் முறுக்கினாள். சிலவற்றுக்கு மட்டும் ஒரு முனையை மடித்து, ஒரு முனையை முறுக்கினாள். இரண்டு வால் பொட்டலம் ஒரு பக்கம், ஒரு வால் பொட்டலம் இன்னொரு பக்கம். தணலில் புதைக்கும்போதும் தனித்தனியாகத்தான் புதைத்தாள். சரிதான், நல்ல பழமாகப் பார்த்துத் தன் வீட்டு ஆட்களுக்கு ஒதுக்குகிறாள் என்று எனக்குப் பட்டது. இப்படிப்பட்ட நேரத்திலும் என் புத்தி போகிற இடத்தைப் பாருங்கள்.

அந்த வாசனை உங்களுக்கு நினைவிருக்கிறதா? முதலில் ஈரத்தோல் வேகிற பச்சை வாடை. பிறகு தேங்காய். பிறகு நாட்டுச் சர்க்கரை உருகிப் பழத்தின் சாற்றோடு கலந்து லேசாகத் தீய்கிற வாசனை. அது வந்ததும் நாயே வாலை ஆட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டது. பொட்டலங்களைக் குச்சியால் இழுத்துப் போட்டு, தாளைப் பிரித்தால் தோல் கன்னங்கரேல் என்று இருக்கும். உள்ளே பழம் தேன் நிறத்தில் குழைந்து கிடக்கும். செய்ய இவ்வளவு சுலபமான இனிப்பு உலகத்தில் வேறில்லை. கரண்டியால் வழித்துச் சாப்பிட வேண்டியதுதான்.

பொட்டலங்களை அவளே பரிமாறினாள். வேறு யாரையும் தொடவிடவில்லை. மிஸ்ஸிடம் கொண்டுபோய் ஒன்றை நீட்டினாள். ஒரு வால் பொட்டலம்.

மாமா இன்னும் உட்காரவில்லை. நெருப்புக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு மிஸ்ஸையே பார்த்தார். மிஸ் வலது கையை நீட்டி வாங்கினார். தாளைப் பிரித்தார். ஆவி முகத்தில் அடித்தது. கரண்டியில் கொஞ்சம் எடுத்தார். கரண்டி பாதி வழியில் நின்றது. மதியம் போலவே உதடு அசைந்தது. படைத்த பழம் என்று மனதார நம்பிய ஒரு பெண், பிறந்ததிலிருந்து தொடாததைத் தொடப்போகிறார். அவருக்கு மாமாவின் பந்தயம் தெரியாது. ஆனால் மாமாவின் கண்ணும் மண்டிக்காரர் குனிந்த தலையும் தெரிந்தன. ஒரு பிள்ளை தமக்கு எதிரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் தெரிந்தது.

மிஸ் சாப்பிட்டார். மென்றார். விழுங்கினார். இன்னொரு கரண்டி எடுத்தார். உள்தோல் தெரிய வழித்து முடிக்கும் வரை யாரையும் பார்க்கவில்லை.

"நல்லாக் கீதா டீச்சர்?" என்றார் மாமா.

"ரொம்ப நல்லா இருக்குங்க. பழம்தான் காரணம்" என்றார் மிஸ். குரல் கொஞ்சம் கரகரத்தது. புகை என்று நினைத்தேன்.

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்க, எனுக்கு ஒண்ணு குடு பாப்போம்" என்று மருமகளிடம் கை நீட்டினார். அவருக்கும் ஒரு வால். மண்டிக்காரருக்கும் ஒரு வால். மாமா இரண்டாவது பழம் கேட்டபோதும், அவள் சாம்பலைக் கிளறித் தேடி ஒரு வால் பொட்டலமாகவே எடுத்துக் கொடுத்தாள். கிளம்பும்போது அவர், "அடுத்த கேம்ப் எப்போ? நம்ம பழம்தான், சொல்ட்டேன்" என்றார். மண்டிக்காரர் பக்கத்தில் நின்று, சிரிப்பை மறைக்கத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் இரண்டு வால் பொட்டலம் சாப்பிட்டேன். பொரி சர்க்கரையில் நனைந்து, பாதி கரைந்து பாதி மொறுமொறுப்பாக இருந்தது. மார்ஷ்மெல்லோ என்றால் இதுதான் என்று கல்லூரிக்குப் போகும்வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். காலி பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"பொரிய சிந்தாம சாப்பிட்டீங்களாடி? பட்டறையில சாமிக்கு வெச்சதுடி அது. தரையில கொட்டி மிதிச்சிருந்தீங்கன்னா பாவம்" என்றாள்.

கடையில் வாங்கின பொரி என்றல்லவா நான் நினைத்திருந்தேன்! லேத்துக்கு மாலை போட்டு, ஸ்பானருக்கெல்லாம் பொட்டு வைத்து, சூடம் காட்டிய படையலில் இருந்த பொரி. மிஸ் வாய். மாமா வாய். மண்டிக்காரர் வாய். பழத்தையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டிலை ஒருவரும் பார்க்கவில்லை, இவ்வளவு சந்தேகம் பிடித்த நானே பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கு ஓடினேன். சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவள் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு நின்றாள், நீலச் சீருடையில். பார்த்ததுமே எனக்கு அழுகை வந்துவிட்டது. விஷயத்தைக் கொட்டினேன்.

அவள் பதறவில்லை. பாக்கெட்டுக்குள் கையை விட்டு, வாடிய சாமந்தி இதழ் ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"உன் பாட்டில்ல மேலாப்புலயே இது கெடந்துச்சு. பொரியிலயும் செவப்பா ஒட்டியிருந்துச்சு. மூடியத் தொறந்தப்பவே தெரியும்" என்றாள். "வேணும்கிறவங்களுக்குப் பொரி வெச்சேன். வேணாம்கிறவங்களுக்கு வெறும் தேங்காயும் சக்கரையும்தான் வெச்சேன். அது மாறிப்பூடக்கூடாதுன்னுதான் வாலு."

"மிஸ்ஸுக்கு?"

"மிஸ்ஸுக்கு, அத்தாக்கு, மாமாவுக்கு, நம்ம கிளாஸ்ல சர்ச்சுக்குப் போறவங்களுக்கு. அத்தினி பேருக்கும் ஒத்த வாலு."

"அப்போ பழத்துல இருந்த குங்குமம்?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். மண்டியில் மூட்டை தூக்குகிற அண்ணன்கள் ஆயுத பூஜைக்குத் தராசு, கைவண்டி, அத்தாவின் மொபெட் விளக்கு என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் அப்பிவிடுவார்களாம். வருடா வருடம். துடைத்தால் அவர்கள் மனம் கஷ்டப்படும், விட்டால் மாமா மனம் கஷ்டப்படும். மழை வந்து அதுவாகப் போகட்டும் என்று அத்தா விட்டுவிடுவாராம். மாமா கண்ணில் படாமலிருக்க, எங்கே போனாலும் வண்டியைச் சுவரைப் பார்த்து நிறுத்துவாராம். சனிக்கிழமை மழை கொஞ்சம் சீக்கிரம் வந்து, விளக்கில் இருந்தது ஹேண்டிலில் தொங்கிய பழத்தில் ஒழுகிவிட்டது.

"இத மிஸ்கிட்ட சொல்லியிருக்கலாமேடி! அவங்க தப்பா நெனச்சிகிட்டு எவ்ளோ கஷ்டப்பட்டுச் சாப்பிட்டாங்க!"

"அவங்க கேக்கலியே. நானாச் சொல்லி, அவங்க அத நல்ல மனசோட மாமா எதிருல எடுத்துவுட்டா அத்தா மாட்டிகினு இருப்பாரு" என்றாள்.

அப்படியென்றால் மிஸ் அன்று சாப்பிட்டதுதான் அந்த மாந்தோப்பிலேயே அப்பழுக்கில்லாத பழம். அவருக்கு அது தெரியவே தெரியாது. உங்களில் யாருக்கு ஒரு வால், யாருக்கு இரண்டு வால் என்று இப்போது யோசிக்காதீர்கள். அவள் அதில் தப்புச் செய்திருக்க மாட்டாள்.

எனக்குக் கடைசியாக ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. "நீ எதைச் சாப்பிட்டே? ஒரு வாலா, ரெண்டு வாலா?" என்று கேட்டேன்.

மணி அடித்துவிட்டது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் எங்கடி சாப்ட்டேன்? மிஸ் வாயத்தான பாத்துகினு இருந்தேன்."